புரியாது என்று யார் சொன்னது?

(நாடகப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நாட்களாக இந்தக் கூடத்தில் ஒத்திகை பார்த்த இளைஞர்கள் அடுத்த வாரம் முதல் ஊர் ஊராகப் போய் இரண்டு குறு நாடகங்களை நடத்தப் போகிறார்கள். இரண்டுமே சாமுவேல் பெக்கெட் எழுதியவை. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாடகத்தில் வசனமே கிடையாது. இரண்டாவதில் வசனம் உண்டு, ஆனால் நாடகத்தின் நடுநாயகமாக நிற்கிறவன் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டான்.

இதைக் கேள்விப்பட்ட தோழர்கள் சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். "பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து உட்காரும் நம் மக்களுக்கு இதெல்லாம் புரியுமா? எம்.ஆர்.ராதா நாடகம் போட்டார், கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் புரிந்தது. அதனால்தான் 1954இல் நாடகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அரசாங்கம் பயந்தது. வீதி நாடகம் போட்டோம், அதுவும் புரிந்தது. இந்த அபத்த நாடகம் படித்தவர்களின் விளையாட்டு அல்லவா?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். நானே பல ஆண்டுகள் இதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு நாடகம் நடத்தத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். ஆகவே நாடகக் கலையைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இதே வேலையைச் செய்த ஒரு சிறு நாடகக் குழுவின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக உயிரைக் கொடுத்துப் போராடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த கதை.

அதற்கு முன்னால் 'அபத்த நாடகம்' என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் சிலர் எழுதிய நாடகங்களுக்கு மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் 1961இல் தன் நூலில் வைத்த பெயர் அது. கதை ஓடாது. முடிவு வராது. பேசுகிறவர்கள் பேசியதையே பேசுவார்கள். இவற்றில் மிகவும் பேர்போனது பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'. 1953 ஜனவரியில் பாரிசில் ஒரு சின்ன அரங்கில் முதன்முதலாக நடந்தது. ஒரு மரம், ஒரு சாலை, இரண்டு நாடோடிகள். கோடோ என்று ஒருவர் வருவார் என்று காத்திருக்கிறார்கள். இன்று வரமாட்டார், நாளைக்கு நிச்சயம் வருவார் என்று ஒரு சிறுவன் வந்து சொல்கிறான். மறுநாளும் அதே கதை. அவ்வளவுதான் நாடகம்.

இந்த நாடகம் அமெரிக்காவில் முதன்முதலாக நடந்தது 1956 ஜனவரியில், மயாமி நகரத்தின் வசதியான ஓர் அரங்கில். வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த பணக்காரர்கள் திரளாக வந்தார்கள். இடைவேளைக்குள் பெரும்பகுதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். புரியவில்லை என்றார்கள்.

அடுத்த ஆண்டு, 1957 நவம்பர் 19 அன்று, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு நாடகக் குழு அதே நாடகத்தைச் சான் குவெண்டின் சிறைக்குள் நடத்தியது. சுமார் 1,400 கைதிகள் உட்கார்ந்து பார்த்தார்கள். பெண் பாத்திரம் இல்லாத நாடகம் என்பதும் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். கைதிகள் கலாட்டா செய்வார்கள் என்று நடிகர்கள் பயந்தார்கள். யாரும் கலாட்டா செய்யவில்லை. மயாமிக்காரர்களுக்குப் புரியாதது அங்கே புரிந்தது. எஸ்லினின் நூலே இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறது. காத்திருத்தல் என்றால் என்ன என்பதைச் சிறையில் இருப்பவனுக்கு யார் விளக்க வேண்டும்?

இனி மிசிசிப்பிக்கு வருவோம்.

1962 ஆகஸ்ட் 31 அன்று, ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து 18 பேர் ஒரு பேருந்தில் ஏறி இண்டியனோலா என்ற ஊருக்குப் போனார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்காக. அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வயது 44. பெற்றோருக்குப் பிறந்த 20 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஒரு வெள்ளைக்காரரின் பருத்தித் தோட்டத்தில் 18 ஆண்டுகளாக வாரத்துக்குப் பயிரிட்டும் கணக்கு எழுதியும் வேலை பார்த்தவர்.

பதிவாளர் அலுவலகத்தில் அவருக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி, எழுது, பிறகு அதற்கு விளக்கம் சொல் என்றார்கள். சட்டம் படித்தவர்களே தடுமாறும் பிரிவு அது. விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்கிறவர் அந்தப் பதிவாளர். அவர் வெள்ளைக்காரர். ஹேமர் தேறவில்லை.

திரும்பி வரும் வழியில் காவல்துறை பேருந்தை மறித்தது. என்ன குற்றம் தெரியுமா? பேருந்தின் நிறம் தப்பு. மஞ்சள் நிறம் தூக்கலாக இருக்கிறது, பள்ளிக்கூடப் பேருந்து போலத் தெரிகிறது என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால் தோட்டத்துக்காரர் காத்திருக்கிறார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு என்றார். அன்று இரவே ஹேமர் வெளியேறினார். 1963 ஜனவரியில் மறுபடி போய் அந்தத் தேர்வில் தேறினார். ஓட்டுப் போடப் போனபோது, தலைவரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

தோழர்களே, இதை அப்படியே மேடையில் போட்டால் விமர்சகர்கள் என்ன பெயர் வைப்பார்கள்? அபத்த நாடகம் என்றுதானே? பாரிசில் பெக்கெட் கற்பனை செய்து எழுதியதை மிசிசிப்பியில் அரசாங்கமே நடத்திக்கொண்டிருந்தது. நடிக்க வைக்கப்பட்டவர்கள் கறுப்பின மக்கள்.

இந்தச் சூழலில், 1963ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஜாக்சன் நகரத்துக்கு அருகே டூகலூ கல்லூரியில் மூன்று இளம் கறுப்பினத்தவர் சேர்ந்து ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். டோரிஸ் டெர்பி, ஜான் ஓ'நீல், கில்பர்ட் மோசஸ். முதல் இருவரும் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப் பணியாளர்கள். மோசஸ் பத்திரிகையாளர். குழுவின் பெயர் ஃப்ரீ சதர்ன் தியேட்டர். அந்தப் பெயரில் வரும் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. விடுதலை பெற்ற நாடகம், கட்டணம் இல்லாத நாடகம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து நடித்தார்கள். மிசிசிப்பியில் அதுவே குற்றம் போலப் பார்க்கப்பட்டது.

1964 கோடையில், வாக்குரிமை இயக்கத்துக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்ட அதே கோடையில், இவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அப்போது போட்ட நாடகம் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் 'வெள்ளை அமெரிக்காவில்'. தேவாலயங்களில், சமுதாயக் கூடங்களில், திறந்த வெளியில் நடத்தினார்கள். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை மேடை நாடகமே பார்த்திராதவர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நடிகர்களுக்குப் பதில் சொன்னார்கள், கூடவே பேசினார்கள். அந்த நாடகம் எல்லோருக்கும் பிடித்தது. அதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த சுற்றுப் பயணத்துக்கு இரண்டு நாடகங்களை எடுத்தார்கள். ஒன்று, கறுப்பின எழுத்தாளர் ஓசி டேவிஸ் எழுதிய நகைச்சுவை நாடகம். இன்னொன்று 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'.

இங்கேதான் நம் தோழர்கள் கேட்ட கேள்வி அங்கேயும் எழுந்தது. குழுவுக்குள்ளேயே வாக்குவாதம். ஐரோப்பிய வெள்ளைக்காரன் எழுதிய நாடகம் பருத்தி எடுக்கும் மக்களுக்கு எதற்கு? இது நம் நாடகமா? மக்கள் எழுந்து போய்விட மாட்டார்களா? இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நடத்தினார்கள்.

ரூல்வில்லிலும் நடத்தினார்கள். ஹேமரின் ஊர். அவரும் பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், சிறையில் தன்னை அடித்ததைப் பற்றி நாடே தொலைக்காட்சியில் பார்க்கும்படி சாட்சி சொல்லியிருந்தார். இடைவேளையில் அவர் எழுந்து பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கவனமாகப் பாருங்கள், நாம் இந்த இரண்டு பேரைப் போன்றவர்கள் இல்லை, நாம் யாருக்காகவும் உட்கார்ந்து காத்திருக்கப் போவதில்லை, யாரும் நமக்கு எதையும் கொண்டுவந்து தரப் போவதில்லை, எழுந்து போராடித்தான் பெற வேண்டும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோடோ யார், கடவுளா, மரணமா, நம்பிக்கையா என்று பேராசிரியர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு விவசாயக் கூலிப் பெண், கோடோ யாராக இருந்தால் எனக்கென்ன என்று கேட்டுவிட்டார். நாடகத்துக்கு இதைவிடத் தெளிவான விமர்சனம் வேண்டுமா? நாடகத்தைப் புரிந்துகொண்டார் என்பது மட்டும் இல்லை, அதற்கு மறுப்பும் சொன்னார். நாடோடிகள் காத்திருப்பதை மனித குலத்தின் தலைவிதி என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. தலைவிதி என்ற சொல்லை ஒடுக்கப்பட்டவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அதை எழுதினவன் யார் என்று கேட்பார்கள். பெரியார் நம்மைக் கேட்கச் சொன்ன கேள்வியும் அதுதான்.

நாடகத்தில் இன்னும் இருவர் வருவார்கள். போட்ஸோ என்ற நிலப்பிரபு. அவன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து வரும் லக்கி என்ற வேலையாள். லக்கி மூட்டைகளைக் கீழே வைக்கவே மாட்டான். மறுநாள் அவர்கள் திரும்ப வரும்போது போட்ஸோ குருடாகியிருக்கிறான், லக்கி ஊமையாகியிருக்கிறான், ஆனால் கயிறு மட்டும் அவிழவில்லை. கயிறு முன்பைவிடக் குட்டையாகியிருக்கிறது. பாரிசில் இதைப் பார்த்தவர்களுக்கு அது ஓர் உருவகம். கறுப்பினத்தவரை மரத்தில் தொங்கவிட்ட வரலாறு உள்ள மண்ணில், கழுத்துக் கயிறும் ஒற்றை மரமும் உருவகமாகவா தெரிந்திருக்கும்? பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்து நாடகமே மாறிவிடுகிறது.

இதனால் அந்தக் குழுவின் கதை வெற்றிக் கதை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா ஊர்களிலும் ஹேமர் இல்லை. பிடிக்கவில்லை, புரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. சில ஆண்டுகளில் குழு இத்தகைய நாடகங்களை விட்டு விலகியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் தங்கி, கறுப்பினத்தவர் எழுதிய நாடகங்களை நோக்கி, தங்கள் மக்களே எழுதுவதை நோக்கி நகர்ந்தது. பணமும் இல்லை. 1985இல் நியூ ஆர்லியன்ஸ் மரபுப்படி இசையோடு ஓர் இறுதி ஊர்வலம் நடத்திக் குழுவை அடக்கம் செய்தார்கள்.

ஆனால் போவதற்குள் ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் நடத்துவது அவர்கள் வழக்கம். கலந்துரையாடல் என்றால் யார் பேசுவார்கள்? படித்தவர்கள் பேசுவார்கள். வாதம் செய்யத் தெரிந்தவர்கள் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஜான் ஓ'நீல் பிற்காலத்தில் அதற்கு மாற்றாக 'கதை வட்டம்' என்ற முறையை வளர்த்தெடுத்தார். வட்டமாக உட்காருவது. கருத்துச் சொல்ல வேண்டாம், தன் வாழ்க்கையில் நடந்த ஒரு கதையை ஒவ்வொருவரும் சொல்வது. குறுக்கே பேசக் கூடாது. ஒருவர் கதை முடிந்த பிறகே அடுத்தவர் கதை. நாடகத்துக்கு அவர்கள் சொல்லும் விளக்கம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும்.

இப்போது நம் இளைஞர்கள் எடுத்திருக்கும் இரண்டு குறு நாடகங்களுக்கு வருகிறேன்.

முதலாவது 1957இல் லண்டனில் மேடையேறிய 'வார்த்தையற்ற அங்கம்'. பாலைவனத்தில் ஒருவன். வெளியேறப் பார்க்கிறான், உள்ளே தூக்கி எறியப்படுகிறான். எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்கிறது. மேலிருந்து ஒரு தண்ணீர்க் குடுவை இறங்குகிறது. எட்டவில்லை. பெட்டிகள் இறங்குகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஏறுகிறான். குடுவை சற்று மேலே போகிறது. கயிறு இறங்குகிறது. பிடித்து ஏறுகிறான். கயிறு தளர்கிறது. கடைசியில் குடுவை அவன் முகத்துக்கு நேராகவே வந்து தொங்குகிறது. அவன் அசையவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவன் தோற்றுப்போய்விட்டானா, இனி உன் ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன் என்று மறுக்கிறானா? விமர்சகர்கள் இன்றுவரை இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள். கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் எடுக்க முடியாத நிலையை மகாத் குளத்து மக்களின் வாரிசுகளான நாம் எப்படிப் பார்ப்போம்? 1927இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அந்த வரலாறு உள்ளவர்கள் இந்த நாடகத்துக்கு மூன்றாவது விளக்கம் ஒன்று சொல்லக்கூடும். அதைக் கேட்க எனக்கு ஆசை.

இரட்டைக் குவளை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய தெரு, சைக்கிளில் ஏறிப் போகாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெரு, செத்த பிறகும் தனிச் சுடுகாடு. இதற்கெல்லாம் காரணம் கேட்டால் 'வழக்கம்' என்ற ஒரே சொல்தான் பதிலாக வரும். மஞ்சள் நிறம் தூக்கலாக இருந்த பேருந்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சாதி காரணமற்றதாகத் தெரிகிறதே தவிர, லாபமற்றது அல்ல. நிலமும் உழைப்பும் மரியாதையும் யாருக்குப் போய்ச் சேருகின்றன என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. மேலிருந்து கயிறு இழுக்கும் கை யாருடையது என்பதை அபத்த நாடகம் காட்டாது. அதைக் காட்டுவது இயக்கத்தின் வேலை.

இரண்டாவது நாடகம் 'கேட்டாஸ்ட்ரஃபி'. செக்கோஸ்லோவாக்கியாவில் சிறையில் இருந்த எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெலுக்காக 1982இல் பெக்கெட் எழுதியது. ஒரு மேடை மீது ஒருவன் தலை குனிந்து நிற்கிறான். ஓர் இயக்குநரும் அவருடைய உதவியாளரும் அவனைக் காட்சிக்குத் தயார் செய்கிறார்கள். தொப்பியை எடு, அங்கியைக் கழற்று, கைகளைச் சேர்த்து வை, தோலை இன்னும் வெளுப்பாக்கு. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் என்ன என்று உதவியாளர் கேட்கிறார். இயக்குநருக்குக் கோபம் வருகிறது. எல்லாம் முடிந்து வெளிச்சம் விழுகிறது. கைதட்டல் அதிர்கிறது. அப்போது அந்த மனிதன் தலையை நிமிர்த்திக் கூட்டத்தை நேராகப் பார்க்கிறான். கைதட்டல் தடுமாறி, தேய்ந்து, நின்றுவிடுகிறது.

தோழர்களே, நம் மேடைகளில் எத்தனை முறை இப்படித் தலை குனிந்த ஒருவனை நிறுத்தியிருக்கிறோம்? கிழிந்த சட்டை, கட்டிய கை, அழுகை. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள், நாமும் நாடகம் வெற்றி என்று நினைத்தோம். எழுதியது நாம், இயக்கியது நாம், அவன் எவ்வளவு குனிய வேண்டும் என்று தீர்மானித்ததும் நாம். நல்ல நோக்கத்தோடுதான் செய்தோம். அந்த நாடகத்தின் இயக்குநரும் தான் கெட்டவன் என்று நினைத்திருக்க மாட்டார்.

"நம் மக்களுக்குப் புரியாது" என்று சொல்லும்போதும் அதையே செய்கிறோம். வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சொன்னவனை நாம் எதிர்க்கிறோம். எது யாருக்கு எட்டும், எட்டக் கூடாது என்று பிறர் சார்பாக நாமே முடிவு செய்தால், அன்போடு செய்தாலும், காதை மூடுவது மூடுவதுதான்.

ஆகவே குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. நாடகத்துக்கு முன்னால் விளக்கவுரை வேண்டாம். நடுவில் யாராவது எழுந்து பேசினால் அமைதி காக்கச் சொல்லாதீர்கள், நடிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முடிந்ததும் மைக்கைத் தலைவர்களிடம் கொடுக்காதீர்கள், என்னிடமும் கொடுக்காதீர்கள். வட்டமாக உட்காருங்கள். முதல் கதையை அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்த ஓர் அம்மா சொல்லட்டும்.

பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது.